தலையில் அடிபட்டவருக்கு மீன் எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மூன்று மாதத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. பதினோரு நாள் நினைவில்லாமல் இருந்தான். மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்கிறார்கள், திரும்பப் பொருத்த வேண்டும். இப்போது வீட்டில் இருக்கிறான். பேசுகிறான், ஆனால் வார்த்தை சட்டென்று வருவதில்லை. சீக்கிரம் களைத்துப்போகிறான், காரணமில்லாமல் கோபப்படுகிறான். தினமும் 20 கிராம் மீன் எண்ணெய் கொடுத்தால் மூளை வேகமாகத் தேறும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா? கொடுக்கலாமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். 20 கிராம் வேண்டாம். உங்கள் தம்பியைப் பார்க்கும் மருத்துவர் சரி என்றால், சாதாரண அளவில் மீன் எண்ணெய் கொடுப்பதில் பெரிய தீங்கு கிடையாது. ஆனால் அதனால் அவர் சீக்கிரம் தேறுவார் என்று சொல்லும் அளவுக்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த சான்று போதாது. தலைக்காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பிரிவில் உணவு ஆலோசகராக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஏதாவது ஒரு நாள் குடும்பத்தார் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசை மேல் வைப்பார்கள். சிலர் கேட்டுவிட்டுக் கொடுப்பார்கள், பலர் கொடுத்துவிட்டுக் கேட்பார்கள். நீங்கள் முதல் வகை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த 20 கிராம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2006 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சாகோ என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தது. உள்ளே சிக்கிய 13 பேரில் 12 பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், நாற்பது மணி நேரத்துக்கும் மேல் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றில் கிடந்தபின், நினைவில்லாத நிலையில் மீட்கப்பட்டார். ஜூலியன் பெய்ல்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் மற்ற சிகிச்சைகளோடு அதிக அளவு ஒமேகா-3 கொழுப்பும் கொடுக்கச் செய்தார். அந்தத் தொழிலாளி மார்ச் கடைசியில் வீடு திரும்பினார். பிறகு 2010-ல் கார் விபத்தில் மோசமாக அடிபட்ட ஓர் இளைஞருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் அளவில் கொடுத்த கதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்து உலகம் சுற்றியது. உங்கள் வீடியோவில் வரும் எண்ணும் பெரும்பாலும் இந்த வழியாக வந்ததுதான்.

இரண்டும் உண்மையில் நடந்தவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சுரங்கத் தொழிலாளிக்கு நேர்ந்தது ஆக்சிஜன் கிடைக்காததால் வந்த பாதிப்பு. உங்கள் தம்பிக்கு நேர்ந்தது மோதலால் வந்த காயம். அந்தத் தொழிலாளிக்கு உயர் அழுத்த அறையில் ஆக்சிஜன் சிகிச்சையும் தந்தார்கள், வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். தேறியது எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அதே அளவு எண்ணெய் குடித்தும் தேறாதவர்களைத் தேடிப்போய் யாரும் பேட்டி எடுப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, மூளை தானாகவே எவ்வளவு தேறும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டிராக்-டிபிஐ என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு முடிவு 2021-ல் வெளியானது. கடுமையான தலைக்காயம் பட்டவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது வாரத்தில் எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் நிலையில்தான் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் சுமார் 52 சதவீதம் பேர் ஒரு நாளில் குறைந்தது எட்டு மணி நேரமாவது வீட்டில் தனியாகச் சமாளிக்கும் நிலைக்கோ அதைவிட நல்ல நிலைக்கோ வந்துவிட்டார்கள். மிதமான காயம் பட்டவர்களில் இது 75 சதவீதம். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகத் தொடரும். ஆகவே மூன்றாம் மாதத்தில் எதைக் கொடுக்க ஆரம்பித்தாலும், மீன் எண்ணெயோ மூலிகைப் பொடியோ, ஆறாம் மாதத்தில் ‘வேலை செய்கிறது’ என்றுதான் தோன்றும்.

அதற்காக இதை வெறும் வியாபாரக் கதை என்று தள்ளவும் முடியாது. அடிப்படை யோசனையில் சரக்கு இருக்கிறது. நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூளையின் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பு. நரம்பு செல்களின் சவ்வில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பில் பெரும்பகுதி டிஎச்ஏ என்ற ஒரே வகை. மீன் எண்ணெயில் அதுவும் ஈபிஏ என்ற அதன் உறவுக் கொழுப்பும் இருக்கின்றன. தலையில் அடி விழும் நொடியில் ஏற்படும் சேதம் ஒரு பங்குதான். அதன்பின் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒரு தொடர் சேதம் நடக்கும்: செல்களுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாயும், வீக்கம் வரும், அழற்சி கிளம்பும், அடிபடாத செல்களும் சேர்ந்து மடியும். டிஎச்ஏ, ஈபிஏ இரண்டிலிருந்தும் உடல் ரிசால்வின் போன்ற சில பொருள்களைத் தயாரிக்கிறது. அழற்சியை ‘போதும், நிறுத்து’ என்று அடக்குவது அவற்றின் வேலை. அப்படியானால் அடிபட்டவருக்கு மூலப்பொருளைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

எலிகளிடம் இதற்கு நல்ல பதிலும் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் ஃபெர்னாண்டோ கோமஸ்-பினியா குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் மீன் எண்ணெய் சேர்த்த தீனி தின்ற எலிகள் தலைக்காயத்துக்குப் பிறகு கற்றலில் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. பெய்ல்ஸ் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், காயம் பட்ட பிறகு டிஎச்ஏ கொடுத்த எலிகளில் சேதமடைந்த நரம்பு இழைகள் குறைவாக இருந்தன.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எலியைக் காப்பாற்றி மனிதரைக் கைவிட்ட மருந்துகள் தலைக்காய மருத்துவத்தில் நிறைய. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் எலிகளில் அற்புதமாக வேலை செய்தது. 882 பேரிடம் ஒன்று, 1,195 பேரிடம் இன்னொன்று என இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு 2014-ல் வந்தபோது, ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தது. ஸ்டீராய்டு கதை இன்னும் மோசம். வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். 10,008 பேரைச் சேர்த்த கிராஷ் பரிசோதனை 2004-ல் வெளியானது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நம்பிக்கையோடு கொடுத்த மருந்தே உயிர்களை எடுத்திருக்கிறது. மீன் எண்ணெய் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ‘கேட்டால் சரியாகத்தான் படுகிறது’ என்பது இந்தத் துறையில் எவ்வளவு மலிவான வாதம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மனிதர்களிடம் என்ன கிடைத்திருக்கிறது? அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2016-ல் வெளியான, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வு. அது தலையும் தலையும் மோதும் ஆட்டம். 81 வீரர்களைப் பிரித்து சிலருக்கு வெற்று மாத்திரையும் மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 2, 4 அல்லது 6 கிராம் டிஎச்ஏவும் ஒரு பருவம் முழுக்கக் கொடுத்தார்கள். நரம்பு இழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் ஒரு புரதம் உண்டு. டிஎச்ஏ எடுத்தவர்களில் அது அவ்வளவாக ஏறவில்லை. கவனிக்க வேண்டிய விஷயம்: குறைந்த அளவான 2 கிராமுக்கு மேல் போனதால் கூடுதல் லாபம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. மேலும் அவர்கள் ஆரோக்கியமான விளையாட்டு வீரர்கள், அடிபடுவதற்கு முன்பே எடுக்கத் தொடங்கியவர்கள். அளந்தது ரத்தத்தில் ஒரு புரதத்தை. பேச்சையோ நினைவாற்றலையோ அல்ல. மூன்று மாதத்துக்கு முன் அடிபட்டு வீடு திரும்பியவருக்கு அதிலிருந்து நேராக எந்த முடிவுக்கும் வர முடியாது.

அமெரிக்க ராணுவத்துக்காக அங்குள்ள மருத்துவக் கழகம் 2011-ல் தலைக்காயமும் ஊட்டச்சத்தும் பற்றி ஒரு பெரிய அறிக்கை தந்தது. ஒமேகா-3 பற்றி அது கேட்டது மேலும் ஆராய்ச்சியைத்தான். ஆனால் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொன்னது: கடுமையான தலைக்காயத்தில் 24 மணி நேரத்துக்குள் உணவு கொடுக்கத் தொடங்க வேண்டும், முதல் இரண்டு வாரம் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் கிடைக்க வேண்டும். ஆறிப்போன கஞ்சி மாதிரி சலிப்பான அறிவுரைதான். ஆனால் சான்று இருப்பது அதற்கு.

சரி, அளவு. இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு எண் இருக்கிறது. ஆரோக்கியமான மனிதர்களை ஸ்கேன் செய்து, மூளை ஒரு நாளில் எவ்வளவு டிஎச்ஏவை உள்ளே எடுக்கிறது என்று 2009-ல் கணக்கிட்டார்கள். வந்த விடை ஏறக்குறைய 4 மில்லிகிராம். கிராம் இல்லை, மில்லிகிராம். மூளையில் இருக்கும் டிஎச்ஏவில் பாதி மாறிப் புதிதாக வர இரண்டரை ஆண்டு ஆகும் என்றும் அதே கணக்கு சொன்னது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே டிஎச்ஏவை உள்ளே விடும் வாசல் போன்ற ஒரு புரதத்தை 2014-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த வாசல் தன் வேகத்தில்தான் திறக்கும். வெளியே 20,000 மில்லிகிராமைக் குவித்து வைத்தாலும் வரிசை நகரும் வேகம் அதனால் மட்டும் கூடிவிடாது. அடிபட்ட மூளை இன்னும் அதிகம் எடுக்கலாமே, மூளைக்கு வெளியே இருக்கும் அழற்சியும் அடங்குமே என்று அதிக அளவை ஆதரிப்பவர்கள் வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் அழற்சி உச்சத்தில் இருக்கும் முதல் சில நாள்கள் உங்கள் தம்பிக்கு எப்போதோ கடந்துவிட்டன.

பாட்டில் வாங்குபவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் லேபிள். முன்பக்கத்தில் ‘1000 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் சிறிய எழுத்தில் பார்த்தால் சாதாரண மாத்திரையில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக மொத்தம் 300 மி.கி.தான் இருக்கும். கால்பந்து ஆய்வில் கொடுத்த 2 கிராம் டிஎச்ஏவை எட்ட இப்படிப்பட்ட மாத்திரை பதினாறு, பதினேழு விழுங்க வேண்டும். செறிவூட்டியவை என்றால் எண்ணிக்கை குறையும். ஆகவே யாராவது ‘இத்தனை கிராம்’ என்று சொன்னால், எண்ணெயா, ஒமேகா-3யா, டிஎச்ஏ மட்டுமா என்று கேளுங்கள். வீடியோக்களில் பெரும்பாலும் இதைத் தெளிவாகச் சொல்வதே இல்லை.

மீன் ஈரல் எண்ணெய் என்று எழுதியிருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். அது வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ நிறைய இருக்கும். பெரியவர்களுக்கு வைட்டமின் ஏ உச்சவரம்பு நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராம். அதற்கு மேல் தொடர்ந்து போனால் ஈரலுக்குக் கெடுதல், அதோடு மண்டைக்குள் அழுத்தமும் கூடலாம். தலையில் அடிபட்ட ஒருவருக்குத் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும் பொருளை மருந்தென்று கொடுப்பதைவிட வேடிக்கையான சோகம் இருக்க முடியாது.

ரத்தக்கசிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். ஒமேகா-3 ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைச் சற்றுக் குறைக்கும். நடைமுறையில் இது பயப்படும் அளவுக்குப் பெரிதாக இல்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் போன 1,516 பேரிடம் செய்த பரிசோதனையில், முன்னதாகவே மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கு அதிகமாகவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2012-ல், நாளொன்றுக்கு 5 கிராம் வரையிலான ஈபிஏ-டிஎச்ஏ பெரியவர்களுக்குப் பாதுகாப்புக் கவலை எழுப்பவில்லை என்றது. ஆனால் மூளைக்குள் ரத்தம் கசிந்த ஒருவருக்கு 20 கிராம் என்பது வேறு கணக்கு. வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் எடுத்தால் இன்னும் வேறு கணக்கு. எடுத்து வைத்த எலும்பைத் திரும்பப் பொருத்தும் அறுவை சிகிச்சை இனிமேல்தான் என்கிறீர்கள். ஒரு மாத்திரையானாலும் சரி, மயக்க மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் தெரியாமல் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

இதயத்துக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நாளொன்றுக்கு 4 கிராம் ஈபிஏ கொடுத்த, 8,000 பேருக்கு மேல் சேர்த்த பெரிய ஆய்வு 2018-ல் வந்தது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஈபிஏ எடுத்தவர்களில் 3.1 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். அவர்கள் வயதானவர்கள், இதய நோய் ஆபத்து உள்ளவர்கள். 24 வயதுக்காரருக்கு இது பெரிய கவலை இல்லை. ‘அது இயற்கையானது, எவ்வளவு எடுத்தாலும் ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சுக்கு மட்டும் இது பதில்.

விழுங்குவதில் சிக்கல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம். தலைக்காயத்துக்குப் பின் பலருக்கு விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காது. தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று மாறுகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அந்தப் பெரிய மாத்திரை தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அதை வெட்டி எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் கொடுப்பது இன்னும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது எளிதில் வெளியேறாது, ஒரு வகை நிமோனியாவே வந்துவிடும். பாசத்தோடு கரண்டியில் கொடுத்த எண்ணெயால் ஒரு நோயாளி மறுபடி ஆக்சிஜன் குழாய்க்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் பார்த்து, தடையில்லை என்று சொன்ன பிறகே எதையும் தொடங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கொடுக்க ஆசை இருந்தால், மருத்துவர் சம்மதத்தோடு ஈபிஏ-டிஎச்ஏ சேர்த்து 1 முதல் 2 கிராம், சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் எடுத்தால் ஏப்பம் முழுக்க மீன் வாடை, உள்ளே சேர்வதும் குறைவு. மாத்திரையைக் கடித்துப் பார்த்தால் கெட்டுப்போன எண்ணெய் நாற்றம் அடித்தால் தூக்கி எறியுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை கொழுப்புள்ள மீன் சாப்பிடுபவர் என்றால் மாத்திரையே தேவையில்லை என்பது என் கருத்து. மீன் சாப்பிடாதவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ எண்ணெய் உண்டு. மீனுக்கே அது பாசியிலிருந்துதான் போய்ச் சேருகிறது. ஆளி விதையை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அதிலுள்ள ஒமேகா-3 நம் உடலில் டிஎச்ஏவாக மாறுவது மிக மிகக் குறைவு.

‘மூளையதிர்ச்சியைக் குணப்படுத்தும்’ என்றே எழுதி விற்கும் பாட்டில்களும் இருக்கின்றன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அப்படி விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதன் கவலை, இதைச் சாப்பிட்டோம், ஆறிவிட்டது என்ற நினைப்பில் முழுதாகக் குணமாகாத வீரர்கள் மறுபடி மைதானத்தில் இறங்கி இரண்டாவது அடி வாங்குவார்கள் என்பது. உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும். எண்ணெய் கொடுக்கிறோம் என்ற தைரியத்தில் மறுபடி வண்டி ஓட்ட விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உண்மையில் நிறுத்தியது மீன் எண்ணெய் இல்லை. களைப்பும் கோபமும்தான். இரண்டையும் ‘அடிபட்ட மூளை, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். சரிசெய்யக்கூடிய காரணங்கள் பின்னால் இருக்கலாம். தலைக்காயத்தில் மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபடுவது அபூர்வமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ம் ஆண்டுக் கணக்கில், சுமார் 27 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு ஹார்மோன் குறைந்திருந்தது. அதன் முதல் அடையாளமே களைப்பு. தைராய்டு, கார்டிசால் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகளில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. மீன் எண்ணெய் பற்றி ஆறு மாதம் யோசிப்பதைவிட இந்த ஒரு பரிசோதனை கூடுதல் பலன் தரும்.

கோபத்துக்கு வருவோம். வலிப்பு வராமலிருக்க லெவடிராசிட்டம் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். எரிச்சலும் கோபமும் அதன் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவரிடம் சொன்னால் தேவையா என்று பார்ப்பார், வேறு மருந்துக்கு மாற்றுவார். அது இல்லையென்றால் மனச்சோர்வையும் சந்தேகிக்க வேண்டும். 559 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. ஆண்களிடம் அது அழுகையாக வராமல் கோபமாக வருவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

தூக்கத்தையும் விசாரியுங்கள். இரவில் குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வார்த்தை வராததற்குப் பேச்சுப் பயிற்சி மட்டுமே வழி. வாரம் ஒருமுறை போய் வந்து, மீதி ஆறு நாள் சும்மா இருந்தால் பலன் குறைவு. தினமும் பதினைந்து நிமிடம், களைப்பில்லாத காலை நேரத்தில், வீட்டிலேயே உட்கார்ந்து பயிற்சி கொடுங்கள். அவர் வார்த்தையைத் தேடும்போது நீங்கள் எடுத்துக்கொடுக்காமல் கொஞ்சம் காத்திருங்கள். அந்தத் தேடல்தான் பயிற்சி.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பாட்டிலையும் எடுத்துப்போங்கள். கூடவே ஒரு தாளில் நான்கு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: பிட்யூட்டரி ஹார்மோன்கள் பார்த்தாயிற்றா, வலிப்பு மாத்திரை இன்னும் தேவையா, விழுங்குவதைச் சோதித்தாயிற்றா, எலும்பு பொருத்தும் தேதி எப்போது. மீன் எண்ணெய்க் கேள்வியை ஐந்தாவதாகக் கேளுங்கள்.